எதிர்க்காற்றில் தாம்லே

மே 26, திங்கள்

ஃபெபா ஒரு நோட்டு கொடுத்து, வீட்டுக்காரர் தினமும் என்ன சாப்பிடுகிறார், என்ன செய்கிறார் என்று எழுதி வைக்கச் சொன்னாள். ஃபெபா வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். சின்னப் பெண், நாகர்கோவில்காரி, கோபமே வராது. அவள் நோட்டில் ‘இட்லி இரண்டு, கொஞ்சம் நடந்தார், பேச்சு இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். இது வேறு நோட்டு. இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் இதில் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

உள்ளது இதுதான். மார்ச் மாதம் பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கை விளங்கவில்லை. காது கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, கோபம் முன்னைவிட நன்றாகவே வருகிறது. பேச்சுதான் வரவில்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். பொள்ளாச்சியையே ஊர் உலகத்தோடு பேச வைத்தவளுக்கு வீட்டில் இந்த நிலைமை.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அவர் என்னைக் கூப்பிட வேண்டும். சாந்தாமணி என்று பெயர் சொல்லி அவர் எந்தக் காலத்திலும் கூப்பிட்டதில்லை. ‘ஏ புள்ள’ என்பார், அவசரமென்றால் ‘இந்தா’ என்பார். அதில் ஏதாவது ஒன்று வந்தால் போதும்.

மே 28, புதன்

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து இறங்கினால் ஆடி முடியும் வரை எந்தக் கதவையும் சும்மா விடாது. மதியத்தில் எதிர்த் தோப்புத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்து அதையே பார்க்கிறார். நானும் கீழே தலையணை போட்டுப் படுத்தேன். காற்றுக்குள் யாரோ கூப்பிடுவது மாதிரி இருந்தது. எழுந்து பார்த்தால் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

மே 30, வெள்ளி

மோசஸ் போன் செய்தார். ‘எல்லைக்கோடு’ விளையாட்டு வார இதழின் ஆசிரியர். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்த காலத்திலிருந்தே அந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். டெஸ்ட் தொடர் எதுவானாலும் அதற்கு முன்னால் ‘நால்வருக்கு நால்வர்’ என்று ஒரு கட்டுரை எழுதுவார். இந்தப் பக்கம் நான்கு பந்துவீச்சாளர்கள், அந்தப் பக்கம் நான்கு பேர், யார் தேவலை என்று எடை போடுவார். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் மிக்சி போடக்கூடாது.

அடுத்த மாதம் நம் அணி இங்கிலாந்தில் ஆடுகிறதாம். கட்டுரை என்னாயிற்று என்று கேட்டார். இவருக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொன்னதே இல்லை. சொன்னால் அடுத்த நாளே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயம். ‘எழுதிட்டிருக்காருங்க’ என்று வாயில் வந்துவிட்டது.

சாயங்காலம் ஃபெபாவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் கைதட்டாத குறை. ஆப்பிள், பசு, பஸ் என்று படம் காட்டினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். பிடித்த விஷயத்தைக் கொடுத்தால் பேச்சு எங்கிருந்தாவது கிளம்பி வருமாம். கட்டுரையை அவரோடு சேர்ந்து நீங்களே எழுதுங்கள் ஆன்ட்டி என்கிறாள். எனக்குக் கிரிக்கெட்டில் தெரிந்ததெல்லாம் டெஸ்ட் மேட்ச் என்றால் மதியச் சோறு ஆறிப்போகும் என்பதுதான்.

ஜூன் 2, திங்கள்

பழைய பேப்பர்களிலிருந்து எட்டுப் பேரின் படத்தை வெட்டி எடுத்தேன். வெட்டினதில் இங்கிலாந்து ஹார்க்னஸுக்கு ஒரு காது போய்விட்டது.

முறை இதுதான். அவர் மடியில் டிரே. அதில் இரண்டு படம் வைப்பேன். எவன் தேவலையோ அவனை இடது கையால் முன்னால் தள்ள வேண்டும். இருவரும் ஒன்றென்றால் அருகருகே வைக்க வேண்டும். பிறகு நான் காரணம் கேட்பேன், அவர் தலையாட்டுவார். மார்ச்சுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். படங்களை ஒவ்வொன்றாக மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

நம் பக்கம் ஜஸ்கரன், இம்தியாஸ், பட், தாம்லே. முதல் மூன்று பேரும் சினிமாக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள். தாம்லே முப்பத்துநாலு வயது ஆள், மிதவேகம். படத்தில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. எட்டுப் பேரில் இவன் ஒருத்தன்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தால் என் நாற்காலியில் தாம்லே கிடக்கிறான். காற்றின் வேலை. ஜன்னலைச் சாத்திவிட்டு அவனை டிரேயில் போட்டேன். அவர் என்னை முறைத்தார்.

ஜூன் 4, புதன்

முதல் ஜோடி: ஹார்க்னஸ், ஜஸ்கரன். ஹார்க்னஸ் நம் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவான். பேப்பரில் போட்டிருக்கிறபடி, அவன் பந்து மரத்திலிருந்து தேங்காய் விழுகிற மாதிரி மேலேயிருந்து வருமாம். ஜஸ்கரன் குட்டை, ஆனால் பந்து நேராகக் கால்விரலைத் தேடி வரும். அவர் இரண்டு பேரையும் நெடுநேரம் பார்த்தார். ஹார்க்னஸை முன்னால் தள்ளினார். ‘நம்ம பையனை உட்டுட்டீங்களே’ என்றேன். உதட்டைப் பிதுக்கினார். நியாயஸ்தர், என்ன செய்வது.

இரண்டாவது ஜோடி: பெல்லமி, இம்தியாஸ். பெல்லமியின் பந்து நேராக வந்துகொண்டே இருந்து கடைசியில் மனசு மாறுமாம். இம்தியாஸுக்குப் பந்து பழசானால்தான் பிடிக்குமாம். அருகருகே வைத்தார்.

மூன்றாவது சுழல்: டிரஸ்காட், பட். இதில் ஒரு அதிசயம் செய்தார். பட் படத்தை முன்னால் தள்ளினார். தள்ளிவிட்டுத் தம்ளரில் விரலை முக்கி டிரேயில் நாலு சொட்டு தெளித்தார். பிறகு பட் படத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பட் கெட்டிக்காரன், ஆனால் ஜூன் மாத இங்கிலாந்து ஈரத்தில் அவன் சுழல் எடுபடாது. வாய் பேசாமல் இவ்வளவு சொல்ல முடிகிற மனுஷன், வாய் பேசின காலத்தில் வீட்டில் என்னத்தைச் சொன்னார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மறுபடி காற்று. எட்டுப் படமும் பறந்துவிட்டன. கட்டிலுக்கு அடியிலும் சாமி அலமாரியிலும் பொறுக்கினதில் ஏழுதான் கிடைத்தது. எட்டாவது அவர் உள்ளங்கையில் கசங்கி இருந்தது. தாம்லேதான். விரலைப் பிரித்து வாங்க வேண்டியதாகப் போயிற்று.

ஜூன் 7, சனி

மதியம் கனவு. எதிர்த் தோப்பில் எட்டுப் பந்துவீச்சாளர்களும் வெள்ளை உடையில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று இலைகளைத் தூக்குகிறது. எல்லோரும் இலை பறக்காமல் கையை ஊன்றிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஹார்க்னஸுக்கு ரசம் பிடித்துப்போயிற்று, இன்னும் இன்னும் என்று கையை நீட்டுகிறான். என் வீட்டுக்காரர் பந்தி முனையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். சத்தம் கேட்கவில்லை, வாய் அசைகிறது. தாம்லே மட்டும் உட்காரவில்லை. அவன்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்காற்றில் பரிமாறிக்கொண்டே வருகிறான். நான் எங்கே இருந்தேன் என்று கனவில் தெரியவில்லை.

விழித்தபோது வீடு முழுக்க ரசவாசனை இருந்தது. நான் காலையில் வைத்ததுதான்.

ஜூன் 9, திங்கள்

மருந்து வாங்கக் கடைவீதிக்குப் போனேன். பக்கத்து வீட்டு மரகதத்தை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுப் போனேன். பஸ் கிடைக்காமல் நேரமாகிவிட்டது. வந்தால் மரகதம் வாசலிலேயே நிற்கிறாள்.

“அக்கா, நீங்க போனதுலருந்து அந்தப் பேப்பர்த் துண்டத் தூக்கித் தூக்கிக் காட்டறாருங்க. கதவக் காட்டறாரு, பேப்பரக் காட்டறாரு. மேட்ச்சுக் கேக்கறாராட்டத் தெரியுதுன்னு டிவியப் போட்டனுங்க. கோவம் வந்து தம்ளரத் தட்டி உட்டுட்டாருங்க.”

உள்ளே போய்ப் பார்த்தேன். அவர் கையில் தாம்லே. என்னைப் பார்த்ததும் படத்தை நெஞ்சின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கிரிக்கெட் பைத்தியம் முற்றிவிட்டது. இந்த ஆளுக்கு அந்தத் தாம்லே சொக்குப்பொடி போட்டுவிட்டான் போல. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. மூன்று மாதமாகக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவள் நான், நெஞ்சில் தூக்கி வைத்துக்கொள்வது எவனையோ.

ஜூன் 10, செவ்வாய்

கடைசி ஜோடி: ஓடெல், தாம்லே. ஓடெல் இடதுகை வேகம், போன தொடரில் விக்கெட்டாகக் குவித்தவன். தாம்லேயைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போடு என்று எல்லாப் பேப்பரும் எழுதுகிறது. நான் வைத்த மறுவிநாடி தாம்லேயை முன்னால் தள்ளினார். அதோடு விடவில்லை. மற்ற ஏழு பேரையும் கை நீட்டி வாங்கி, எல்லாருக்கும் மேலே தாம்லேயை வைத்தார். ஹார்க்னஸுக்கும் மேலே.

“இவன் வேகமாப் போடுவானுங்களா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“விக்கெட்டு நெறைய எடுப்பானா?”

இல்லை.

“அப்பறம் என்னத்துக்குங்க இவன மேல வெக்கறீங்க?”

உதட்டைக் குவித்து ஊதினார். ‘ஃபூ’ என்று காற்று வந்தது. ஜன்னலைக் காட்டினார், சாய்ந்து நிற்கும் தென்னைகளைக் காட்டினார். பிறகு இடது கையின் இரண்டு விரல்களைக் கால்களாக்கி டிரேயின் மேல் ஓட விட்டார், தானே எதிரில் ஊதிக்கொண்டு. விரல்கள் தடுமாறின, ஆனால் நிற்கவில்லை. ஓடி முடித்ததும் திரும்பிப் போய் மறுபடி ஓடின. மறுபடியும் ஓடின. அவருக்கு மூச்சு வாங்கியது, போதும் என்றேன், கேட்கவில்லை. கடைசியில் உள்ளங்கையை டிரேயின் இந்த முனையில் அழுத்தி அடைத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணால் ஜஸ்கரனையும் இம்தியாஸையும் அந்த முனைக்கு வைக்கச் சொன்னார். வைத்தேன். அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. தாம்லே காற்றை எதிர்த்து ஒரு முனையிலிருந்து நாள் முழுக்க வீசுவான். அவன் அந்த முனையை அடைத்து வைப்பதால்தான் மற்றவர்கள் காற்றோடு ஓடி வந்து விக்கெட் எடுக்கிறார்கள். பேர் அவர்களுக்கு, முதுகுவலி இவனுக்கு. இவ்வளவு கிரிக்கெட் எனக்குத் தெரியும் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவர் படத்தை என் பக்கம் நீட்டினார். எழுதிக்கொள்ளச் சொல்கிறார் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

கட்டுரையை எழுதி அவருக்குப் படித்துக் காட்டி, போனில் படம் பிடித்து மோசஸுக்கு அனுப்பினேன். வேகத்தில் இங்கிலாந்து, ஸ்விங்கில் சமம், சுழலில் நாம், மழை பெய்தால் அதுவும் இல்லை. எட்டுப் பேரில் முதல் இடம் தாம்லே.

அரைமணியில் போன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்றார், அவர் சொல்ல நான் எழுதினேன் என்றேன். அது பொய் இல்லை. பிறகு இழுத்தார். “அம்மா, தாம்லேய மொத எடத்துல போட்டா வாசகர்கள் சிரிப்பாங்க. சார்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

ஒரு வார்த்தைக்குத்தான் நானும் காத்திருக்கிறேன் என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். “அவரு தெளிவாச் சொல்லிட்டாருங்க. போட்டா அப்படியே போடுங்க” என்றேன். போட்டுவிடுவார். இவர் மேல் அவருக்கு மரியாதை உண்டு.

ஜூன் 14, சனி

பேச்சு இல்லை. இட்லி மூன்று.

ஜூன் 18, புதன்

எல்லைக்கோடு வந்தது. மோசஸ் சொன்ன மாதிரிதான், போனில் ஆளாளுக்குச் சிரித்து எழுதுகிறார்களாம். நாச்சிமுத்துவுக்கு வயசாகிவிட்டது என்று ஒருத்தன். நான் அதையெல்லாம் அவருக்குச் சொல்லவில்லை. கட்டுரையை மட்டும் சத்தமாகப் படித்தேன். ‘விக்கெட் பட்டியலில் இவர் பெயரைத் தேடாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பாருங்கள், அதற்கு எதிரில் இவர் ஓடி வந்துகொண்டிருப்பார். இவர் நின்றுவிட்டால் மற்ற மூவரும் இல்லை’ என்ற இடம் வந்ததும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அச்சில் தன் பெயரைப் பார்த்த சந்தோஷம் போல. துண்டால் துடைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

ஃபெபா வந்தாள். இன்றைக்குச் சோதனை. கட்டிலில் படங்களைப் பரப்பினாள். தம்ளர், சாவி, பசு, எங்கள் கல்யாண போட்டோ, அவருக்குப் பிடிக்குமே என்று அந்த எட்டுப் பேரும். அவள் கேட்பதை அவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். தம்ளர் சரி. சாவி சரி.

“உங்க வீட்டம்மா எங்க சார்?”

கல்யாண போட்டோ அவர் கைக்கு நேராக இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, துழாவி, தாம்லேயை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

ஃபெபா பொறுமையாக மறுபடி கேட்டாள். மறுபடியும் தாம்லே. அவள் நோட்டில் தப்பு என்று குறித்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருடக் குடித்தனம், என்னையே தெரியவில்லையா என்று கேட்டுவிட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவருக்கு வந்ததே கோபம். அவள் கையிலிருந்த படத்தைப் பிடுங்கினார். என்னைப் பார்த்து ‘ஃபூ’ என்று ஊதினார். இரண்டு விரல்களைப் போர்வை மேல் ஓட விட்டார், தடுமாறித் தடுமாறி, திரும்பித் திரும்பி. கட்டில் விளிம்பை உள்ளங்கையால் அடைத்துப் பிடித்தார். பிறகு கசங்கிப்போன அந்தப் படத்தை என் கைக்குள் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

நான் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன். இந்தக் காற்றில் கண்ணெல்லாம் தூசி.

தூசி இல்லை. அழுதேன். துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நாற்காலியில் கிடந்தது, கையில் கசங்கினது, மரகதத்திடம் காட்டினது, எல்லாம் வரிசையாக வந்தது. ஊர் சிரிக்கிற அந்தக் கட்டுரையில் நானே என்னை எட்டுப் பேருக்கும் மேலே தூக்கி வைத்து எழுதி, நானே அவருக்குப் படித்தும் காட்டியிருக்கிறேன். இந்த மனுஷன் என் குழம்பைக்கூட ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

திரும்பி உள்ளே வந்தபோது ஃபெபா நோட்டில் தப்பு என்று எழுதினதை அடித்துக்கொண்டிருந்தாள். “இருந்தாலும் அந்தாளு பாக்கறதுக்கு எப்படி இருக்கறான், வேற நல்ல மூஞ்சியே கெடைக்கலீங்களா?” என்று அவரைக் கேட்டேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

மூன்றரைக்கு டெஸ்ட் ஆரம்பம். நாம்தான் முதலில் வீசுகிறோம். தாம்லே அணியில் இருக்கிறான். அங்கேயும் காற்று, நடுவர் தொப்பியே பறந்தது. தாம்லேதான் காற்றை எதிர்க்கிற முனை. வந்தான், போட்டான், போனான், மறுபடி வந்தான். ஒரு விக்கெட்டும் இல்லை. மறுமுனையில் ஜஸ்கரனுக்கு நான்கு. டிவியில் பேசினவன் தாம்லே எதற்கு என்று கேட்டான். ‘அவன் அந்தப் பக்கத்த அடைச்சு வெக்காட்டி உங்கொப்பனா அடைப்பான்?’ என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். அவர் நாக்கைப் பல்லில் வைத்து ஏதோ முயற்சி செய்தார். ‘த்’ என்று மட்டும் வந்தது. ஃபெபா நோட்டில் அதை எழுதினேன்.

ஜூன் 21, சனி

இன்றும் மேட்ச். ஐந்து மணி வாக்கில் கரண்ட் போய்விட்டது. எந்தத் தோப்பிலோ மட்டை முறிந்து கம்பிமேல் விழுந்திருக்கும். டிவி அணைந்தது, ஃபேன் நின்றது. அவர் தூங்குகிறார் என்று நான் சமையல்கட்டில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன். மேற்கு வெயில் தோப்பு வழியாக வந்து சுவரில் அசைந்துகொண்டிருந்தது.

“தா... ம்லே.”

டிவி என்று நினைத்தேன். டிவியில்தான் உயிரே இல்லையே. ‘தா’ வந்து, தடுக்கி, ‘ம்லே’ தனியாக வந்து சேர்ந்தது. கரகரவென்று, பூட்டிக் கிடந்த கதவைத் திறந்த மாதிரி ஒரு குரல். ஆனால் அவர் குரல்தான். மார்ச்சுக்குப் பிறகு அதை இப்போதுதான் கேட்கிறேன்.

ஓடத்தான் காலை எடுத்தேன். ஓடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். அத்தனை வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரையோ யாரோ கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தவள். இது எனக்கு வந்தது. இன்னொரு தரம் கேட்க வேண்டும் போல இருந்தது.

“ஏ... தாம்லே.”

இந்தத் தரம் பொறுமை போய்விட்டது குரலில். பழைய ‘ஏ புள்ள’வின் அதே ‘ஏ’.

“வந்துட்டனுங்க” என்றேன். பால் ஆடை கட்டியிருந்தது. காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு போனேன்.